லித்தியம்-11இன் ஆரத்தை அளந்தது யார்?

மூன்று புரோட்டான்கள், எட்டு நியூட்ரான்கள். லித்தியம்-11 என்னும் இந்த அணுக்கருவின் அரை ஆயுட்காலம் 8.7 மில்லி விநாடி. முடுக்கியில் உண்டாக்கிய கையோடு ஆராய்ந்தாக வேண்டும். எடுத்து வைத்துப் பிறகு பார்த்துக்கொள்ள வழியில்லை. இத்தகைய அணுக்கருக்களைப் பற்றிக் கோட்பாட்டு ஆய்வு செய்பவர்களிடம், "ஆய்வுக்கூடத்தில் இருப்பவர் அளந்து சொல்லிவிடுகிறார், காகிதத்தில் கணக்குப் போடுபவருக்கு அங்கே என்ன வேலை?" என்று இயற்பியல் படித்தவர்களே கேட்பதுண்டு. அளவீடு ஒருபுறம் முடிந்த பிறகு கோட்பாடு வந்து விளக்கம் சொல்கிறது என்ற எண்ணமே அந்தக் கேள்விக்கு அடிப்படை. இந்தத் துறையில் அந்த எண்ணம் பொருந்தாது. அளந்த மதிப்பு என்று அட்டவணைகளில் அச்சாகும் எண்களில் கணிசமானவை, கருவிகள் தந்த வேறொரு எண்ணிலிருந்து கோட்பாட்டின் வழியாக வடித்தெடுக்கப்பட்டவை. கோட்பாட்டில் ஒரு படியைத் திருத்தினால் அதே தரவிலிருந்து வேறு ஆரம் வரும், வந்தும் இருக்கிறது. லித்தியம்-11ஐ வைத்தே அதைச் சொல்கிறேன்.

முதலில், குறுகிய ஆயுள் என்பது யாருடைய கடிகாரத்தில் குறுகியது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அணுக்கருவுக்குள் ஒரு நியூட்ரான் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போய்வர ஆகும் நேரம், ஒரு விநாடியைப் பத்தின் 22ஆம் அடுக்கால் வகுத்தால் வருவது. அந்தக் கணக்கில் 8.7 மில்லி விநாடிக்குள் ஏறத்தாழ ஒன்றுக்குப் பின் இருபது சுழியங்கள் இட்ட எண்ணிக்கையில் அந்தப் பயணம் நடந்துவிடுகிறது. பூமி பிறந்தது முதல் இன்றுவரை சூரியனைச் சுற்றியது சுமார் 450 கோடி முறைதான். ஆகவே கோட்பாட்டாளருக்கு லித்தியம்-11 நிலையாக நிற்கும் ஒரு பொருளே. அது சிதைவது வலுக்குறைந்த இடைவினையால் நிகழும் பீட்டாச் சிதைவு. அணுக்கரு விசையைப் பொறுத்தவரை அது கட்டுண்ட நிலை. இதற்கு மாறாக லித்தியம்-10 கட்டுண்டதே அல்ல. லித்தியம்-9ஓடு பத்தாவது துகளாக ஒரு நியூட்ரானைச் சேர்த்தால், அந்த நியூட்ரான் அணுக்கருவைக் கடக்க எடுக்கும் நேரத்தைவிடச் சற்றே கூடுதலாகத் தங்கி வெளியேறிவிடும். இரண்டையும் "அற்ப ஆயுள்" என்ற ஒரே பெயரில் அடைப்பது செய்தித்தாளுக்கு வசதி, கணக்குக்கு உதவாது.

இயற்கையில் நிலையான அணுக்கருக்கள் சுமார் 250 இருக்கின்றன. ஆய்வுக்கூடங்களில் இதுவரை உண்டாக்கப்பட்டவற்றையும் சேர்த்தால் மூவாயிரத்தைத் தாண்டும். கட்டுண்டு இருக்கக்கூடியவை மொத்தம் ஏறத்தாழ 7000 இருக்கலாம் என்று 2012இல் வெளியான ஒரு விரிவான கணக்கீடு மதிப்பிட்டது. பாதிக்கும் மேற்பட்டவை இன்னும் யார் கருவியிலும் பதிவாகவில்லை என்று பொருள். ஒரு தனிமத்தோடு இதற்கு மேல் நியூட்ரானைச் சேர்க்கவே முடியாது என்ற எல்லை, துறையினர் டிரிப் லைன் என்பது, ஆய்வால் உறுதிசெய்யப்பட்டிருப்பது பத்தாவது தனிமமான நியான் வரையில்தான். அதுவும் 2019இல்தான் முடிந்தது. தங்கமும் யுரேனியமும் உருவாகும் விண்மீன் நிகழ்வுகளைக் கணிப்பவர்கள் இந்த எல்லைக்கு அருகிலுள்ள அணுக்கருக்களின் நிறையையும் ஆயுளையும் கேட்கிறார்கள். அவற்றுள் பெரும்பாலானவற்றுக்குக் கோட்பாடு தரும் எண்ணைத் தவிர அவர்கள் கையில் வேறொன்றும் இல்லை.

லித்தியம்-11 கவனத்துக்கு வந்தது 1985இல். அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் இருந்த பெவலாக் முடுக்கியில், ஜப்பானிய இயற்பியலாளர் இசாவோ தனிஹாதாவும் அவருடைய குழுவினரும், அணுக்கருவிலுள்ள ஒவ்வொரு துகளுக்கும் 790 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடன், அதாவது ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ 84 விழுக்காட்டு வேகத்தில், லித்தியம் ஐசோடோப்புகளை மெல்லிய இலக்குகளின்மீது செலுத்தினர். அந்த வேகத்தில் சில பத்து மீட்டர்களைக் கடக்க ஒரு மைக்ரோ விநாடிகூட ஆகாது, ஆகையால் 8.7 மில்லி விநாடி ஆயுள் தாராளமாகப் போதும். அவர்கள் எண்ணியது மிக எளிய ஒன்று: இலக்குக்கு முன் எத்தனை வந்தன, இலக்கைத் தாண்டி மாறாமல் எத்தனை போயின. குறைந்தவை மோதியவை. மோதும் வாய்ப்பைப் பரப்பின் அலகில் சொல்வதே குறுக்குப் பரப்பு.

கார்பன் இலக்கில் லித்தியம்-9க்குக் கிடைத்த குறுக்குப் பரப்பு சுமார் 800 மில்லிபார்ன். லித்தியம்-11க்கு அது 1000ஐத் தாண்டியது. ஃபெர்மி என்பது ஒரு மீட்டரைப் பத்தின் 15ஆம் அடுக்கால் வகுத்தால் வரும் நீளம். ஒரு மில்லிபார்ன் என்பது ஒரு சதுர ஃபெர்மியில் பத்தில் ஒரு பங்கு. எனவே இவை 80, 104 சதுர ஃபெர்மிகள். இரண்டு உருண்டைகள் தொட்டால் மோதல் என்று கொண்டு, இரு ஆரங்களின் கூட்டுத்தொகையைக் கொண்ட வட்டத்தின் பரப்புக்கு இதைச் சமன்செய்தால், கூட்டுத்தொகை முறையே 5.0 ஃபெர்மி, 5.75 ஃபெர்மி என வரும். கார்பனின் பங்கு 2.6 ஃபெர்மி. மீதி 2.4, 3.15. இரண்டே நியூட்ரான்கள் சேர்ந்ததற்கு ஆரம் இவ்வளவு வளரக் கூடாது. வழக்கமான விதியின்படி ஆரம் துகள்களின் எண்ணிக்கையின் கனமூலத்தைப் பின்பற்றி ஏழு விழுக்காடு அளவிலேயே வளர்ந்திருக்க வேண்டும். முப்பது விழுக்காடு வளர்ந்திருந்தது. கருவி தந்தது குறுக்குப் பரப்பு. ஆரத்தைத் தந்தது, உருண்டைகள் மோதுகின்றன என்ற நம் கருத்து. இந்த வேறுபாட்டுக்குப் பின்னர் வருவேன்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1987இல், டென்மார்க்கின் ஹான்சனும் சுவீடனின் யோன்சனும் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். லித்தியம்-11 என்பது ஒரே சீராக வீங்கிய அணுக்கரு அல்ல. உள்ளே வழக்கமான லித்தியம்-9, வெளியே மிகத் தளர்வாகக் கட்டப்பட்ட இரண்டு நியூட்ரான்கள் வெகுதூரம் பரவிய ஒரு மெல்லிய படலம் என்றார்கள். ஹேலோ என்ற பெயர் நிலைத்தது அதன் பிறகே. இதன் அடிப்படை, முதுகலை மாணவர் ஒருவர் கரும்பலகையில் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு. கட்டுண்ட ஒரு துகளின் அலைச்சார்பு, அதாவது அது எங்கெங்கே இருக்கக்கூடும் என்பதைச் சொல்லும் சார்பு, விசையின் எல்லைக்கு வெளியே, அடுக்குக்குறிச் சார்பாகத் தேய்கிறது. எவ்வளவு தூரத்தில் தேய்கிறது என்பதை, அந்தத் துகளைப் பிரித்தெடுக்கத் தேவைப்படும் பிரிப்பாற்றல் ஒன்றே முடிவு செய்கிறது: நியூட்ரானின் நிறை ஆற்றலையும் பிரிப்பாற்றலையும் பெருக்கி, இரண்டால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, அதனால் 197 என்ற குவாண்ட மாறிலியை வகுத்தால் அந்த நீளம் ஃபெர்மியில் கிடைத்துவிடும். சாதாரண அணுக்கருவில் ஒரு நியூட்ரானைப் பிரிக்க 8 மெகா எலக்ட்ரான் வோல்ட் தேவை. நியூட்ரானின் நிறை ஆற்றலான 939, மற்றும் 8, 2 ஆகியவற்றின் பெருக்கம் 15024. மூலம் சுமார் 122.6, விடை 1.6 ஃபெர்மி. பெரிலியம்-11இல் கடைசி நியூட்ரானின் பிரிப்பாற்றல் 0.5 மெகா எலக்ட்ரான் வோல்ட் மட்டுமே. உட்கருவின், அதாவது அந்த நியூட்ரான் நீங்கலான உள் பகுதியின், அசைவையும் கணக்கில் எடுத்து, அதற்கேற்பக் குறைத்த நிறையான 854ஐ இட்டால், பெருக்கம் 854, மூலம் 29.2, விடை 6.7 ஃபெர்மி. பெரிலியம்-10இன் ஆரமே இரண்டரை ஃபெர்மிக்குள் அடங்குவது. அந்த நியூட்ரான் தன் வாழ்நாளில் பெரும் பகுதியை அணுக்கரு விசை எட்டாத இடத்தில், செவ்வியல் இயற்பியல் அனுமதிக்காத பகுதியில் கழிக்கிறது. லித்தியம்-11இல் இரண்டு நியூட்ரான்களையும் சேர்த்துப் பிரிக்கத் தேவைப்படுவது 0.37 மெகா எலக்ட்ரான் வோல்ட். அங்கே நிலைமை இன்னும் தீவிரம்.

தளர்வான கட்டு மட்டும் இருந்தால் போதாது. நியூட்ரானுக்குக் கோண உந்தம் இருந்தால், மையவிலக்குத் தடை அந்த வாலை வெட்டிவிடும். ஹேலோ உருவாக வேண்டுமானால் கோண உந்தம் சுழியாக, அல்லது அதிகமாகப் போனால் ஒன்றாக இருக்க வேண்டும். பெரிலியம்-11இல் ஏழாவது நியூட்ரான் பாடநூல் வரிசைப்படி கோண உந்தம் ஒன்று கொண்ட கூட்டில், அதாவது ஆற்றல் படியில், உட்கார வேண்டியது. உண்மையில் அதற்கு மேலே இருக்க வேண்டிய, கோண உந்தம் சுழியான கூட்டில் இருக்கிறது. வரிசை தலைகீழாகிவிட்டது. இது ஹேலோ கண்டுபிடிக்கப்படுவதற்கு வெகு முன்பே, 1960இல், இஸ்ரேலின் தால்மியும் உன்னாவும் அண்டை அணுக்கருக்களின் ஆற்றல் நிலைகளை நேர்கோடாக நீட்டிப் பார்த்துச் சொன்ன செய்தி. கணினி இல்லை, பெரிய கோட்பாடும் இல்லை. ஒரு வரைபடமும், அதில் நம்பிக்கை வைக்கும் துணிவும்தான் இருந்தன. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டுரைகளுள் அது ஒன்று.

லித்தியம்-11இல் சிக்கல் ஒரு படி கூடுதல். அதை லித்தியம்-9, நியூட்ரான், நியூட்ரான் என மூன்று உறுப்புகள் கொண்டதாகக் கொண்டால், எந்த இரண்டை எடுத்தாலும் அவை கட்டுண்டு நிற்பதில்லை: லித்தியம்-10 நிற்காது, இரண்டு நியூட்ரான்கள் மட்டும் சேர்ந்து நிற்பதும் இல்லை. மூன்றும் சேர்ந்தால் நிற்கிறது. ஒன்றை வெட்டினால் மற்ற இரண்டும் கழன்றுவிடும் பொரோமியன் வளையங்களின் பெயரை இத்தகைய அணுக்கருக்களுக்கு 1990களின் தொடக்கத்தில் இட்டார்கள். ஹீலியம்-6ம் இந்த வகையே. மூன்று துகள்களின் சமன்பாட்டைத் துல்லியமாகத் தீர்க்கும் முறைகள் ஏற்கெனவே கைவசம் இருந்தன. இல்லாதது லித்தியம்-10ஐப் பற்றிய அறிவு. நிற்காத ஓர் அணுக்கருவின் தாழ்ந்த நிலைகள் எங்கே இருக்கின்றன என்பது தெரியாமல், நிற்கும் அணுக்கருவைக் கணிக்க முடியாது. அதனால் 1990கள் முழுவதும் கோட்பாட்டாளர்கள் ஆய்வாளர்களை நச்சரித்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில், லித்தியம்-11இன் இரு வெளி நியூட்ரான்களில் ஏறத்தாழ பாதி பங்கு கோண உந்தம் சுழியான நிலையில் இருக்கிறது என்பது, அணுக்கருவை உடைத்துச் சிதறும் துகள்களின் கோணப் பரவலைப் பார்த்ததில் தெரியவந்தது. எட்டு நியூட்ரான் என்றால் கூடு நிரம்பிவிட்டது, அது மாய எண் என்ற பாடநூல் விதி இங்கே செல்லாது.

இப்போது ஆரத்துக்குத் திரும்பலாம். 1985இன் தரவிலிருந்தும் அதைத் தொடர்ந்த அளவீடுகளிலிருந்தும் வடித்த ஆரம் சுமார் 3.1 ஃபெர்மி என்று பத்து ஆண்டுகள் அட்டவணைகளில் இருந்தது. 1996இல் இங்கிலாந்தின் சரே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜிம் அல்-கலீலியும் ஜெஃப் டாஸ்ட்டெவினும் புதிதாக எதையும் அளக்காமல் அதை 3.5 ஃபெர்மி என்று மாற்றினார்கள். (அல்-கலீலியைப் பலர் பிபிசியின் அறிவியல் நிகழ்ச்சிகளில் பார்த்திருப்பார்கள், அவருடைய சொந்தத் துறை இதுதான்.) அவர்கள் கைவைத்தது தரவில் அல்ல, தரவிலிருந்து ஆரத்துக்குப் போகும் வழியில்.

பழைய கணக்கு, அணுக்கருவின் சராசரி அடர்த்தியை எடுத்து, அந்தச் சீரான மேகம் இலக்கின் வழியே போவதாகக் கொண்டது. ஆனால் மோதல் நடக்கும் நேரம் மிகச் சிறியது. அதற்குள் வெளி நியூட்ரான்கள் இருந்த இடத்திலிருந்து நகர்வதே இல்லை. வேகமாகச் சுற்றும் மின்விசிறி நம் கண்ணுக்கு முழு வட்டமாகத் தெரிந்தாலும், அதைவிடப் பன்மடங்கு விரைவாகப் பாயும் ஒரு குண்டுக்கு அது நின்றுபோன மூன்று இறக்கைகளும் இடையே பெரிய வெளிகளும்தான். குண்டு பெரும்பாலும் இடைவெளியில் புகுந்து போய்விடும். மோதாமல் தப்பும் வாய்ப்பு, வழியில் எதிர்ப்படும் பொருளின் அளவைப் பொறுத்து அடுக்குக்குறிச் சார்பாகக் குறைகிறது என்பதால், சராசரியை எப்போது எடுக்கிறோம் என்பது விடையை மாற்றிவிடுகிறது. பாதி நேரம் வழியில் ஒன்றும் இல்லை, பாதி நேரம் தடிப்பு 2 என்று வைத்துக்கொள்வோம். சராசரித் தடிப்பு 1. அதை இட்டால் தப்பும் வாய்ப்பு 0.37. தனித்தனியே கணித்துப் பின் சராசரி எடுத்தால் 1க்கும் 0.135க்கும் நடுவே 0.57. இரண்டாவது வழியே சரி, அது எப்போதும் பெரிய விடையையே தரும். அதாவது, இடைவெளி விட்டுப் பரவிய அணுக்கரு நாம் எண்ணியதைவிட எளிதில் ஊடுருவிப் போகக்கூடியது. அப்படி இருந்தும் அளந்த குறுக்குப் பரப்பு அவ்வளவு பெரிதாக வந்ததென்றால், அணுக்கரு இன்னும் பெரிதாக இருந்தாக வேண்டும்.

இத்தனைக்கும் பழைய முறை பிழையானது என்று சொல்ல முடியாது. கார்பன், ஆக்சிஜன் போன்ற இறுகிய அணுக்கருக்களுக்கு இரு வழிகளும் கிட்டத்தட்ட ஒரே விடையைத் தருகின்றன. அதனால்தான் யாரும் ஐயப்படவில்லை. வழக்கமான அணுக்கருக்களில் சோதித்துத் தேறிய ஒரு தோராயத்தை, அது எதற்காகச் செல்லுபடியானது என்று கேட்காமல் ஹேலோவுக்கும் கொண்டுபோனதுதான் நடந்தது. அட்டவணையில் ஆரத்தோடு அச்சான பிழை வரம்பில் இந்தத் தோராயத்தின் பங்கு சேர்க்கப்படவே இல்லை. புள்ளிவிவரப் பிழை மட்டும் இருந்தது.

சரி, லேசர் கொண்டு அளக்கும் மின்னூட்ட ஆரமாவது, அதாவது புரோட்டான்களின் பரவலைக் காட்டும் ஆரமாவது, கோட்பாட்டின் தலையீடு இல்லாததா? கனடாவின் டிரையம்ஃப் ஆய்வுக்கூடத்தில் லித்தியம்-11க்கு அந்த அளவீடு நடந்து 2006இல் வெளியானது. லித்தியம் அணுவின் எலக்ட்ரான் தாவும் நிறமாலைக் கோடு ஐசோடோப்புக்கு ஐசோடோப்பு சற்றே நகரும். அந்த நகர்வில் அணுக்கருவின் பருமனுக்கும் ஒரு பங்கு உண்டு. ஆனால் நகர்வின் பெரும் பகுதி அணுக்கருவின் நிறை மாறுவதால் வருவது. பருமனின் பங்கைவிட அது பல்லாயிரம் மடங்கு பெரிது. அந்தப் பெரிய பகுதியைக் கணக்குப் போட்டுக் கழித்தால்தான் சிறிய பகுதி கண்ணில் படும். மூன்று எலக்ட்ரான்கள் கொண்ட அணுவுக்கு, சார்பியல் திருத்தங்களையும் மின்காந்தக் குவாண்டத் திருத்தங்களையும் சேர்த்து, அந்த அளவு துல்லியத்தில் கணித்துக்கொடுத்தது கனடாவின் கோர்டன் டிரேக், சோங்-சாவ் யான் போன்ற அணுக்கோட்பாட்டாளர்களின் பல ஆண்டு உழைப்பு. அதோடு அணுக்கருவின் நிறையும் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். அதை அதே டிரையம்ஃபில் டைட்டன் என்ற அயனிப் பொறியில் அளந்து 2008இல் வெளியிட்டார்கள். லித்தியம்-9இல் சுமார் 2.2 ஃபெர்மியாக இருந்த மின்னூட்ட ஆரம் லித்தியம்-11இல் 2.4ஐத் தாண்டியது. புரோட்டான்கள் மூன்றும் உட்கருவில்தான் இருக்கின்றன. வெளியே இருப்பவை மின்னூட்டமற்ற நியூட்ரான்கள். ஆயினும் அவை இழுத்த இழுப்பில் உட்கருவே பொது நிறைமையத்தைச் சுற்றி அலைகிறது என்பதைத்தான் இந்த வளர்ச்சி காட்டுகிறது. இரு நியூட்ரான்களும் எதிரெதிர்ப் பக்கங்களில் இருந்தால் அந்த அலைச்சல் குறைவாக இருக்கும். ஒரே பக்கத்தில் சேர்ந்து நின்றால் மிகும். ஓர் எலக்ட்ரான் உமிழும் ஒளியின் நிறத்தைக் கொண்டு, அணுக்கருவின் விளிம்பில் இரண்டு நியூட்ரான்கள் பெரும்பாலும் ஒரே பக்கம் நிற்பதை ஊகிக்க முடிகிறது. இந்த ஊகத்தின் ஒவ்வொரு கணுவிலும் ஒரு கோட்பாடு நிற்கிறது.

இதுவரை சொன்னவை, உட்கருவை ஒரே பொருளாகக் கொண்டு வெளித் துகள்களை மட்டும் கணிக்கும் கோட்பாடுகள். மற்றொரு வகை, எல்லா நியூட்ரான்களையும் புரோட்டான்களையும் தனித்தனியே எடுத்துக்கொண்டு, அவற்றுக்கிடையே உள்ள விசையிலிருந்து தொடங்குவது. அந்த வகையின் உரைகல்லாக அமைந்தது ஆக்சிஜன்.

ஆக்சிஜனில் நியூட்ரான்களைச் சேர்த்துக்கொண்டே போனால் ஆக்சிஜன்-24 வரை, அதாவது 16 நியூட்ரான்கள் வரை, கட்டுண்டு நிற்கிறது. அதற்கு அடுத்த தனிமமான ஃபுளூரின், ஒரே ஒரு புரோட்டான் கூடுதலாக இருப்பதால், 22 நியூட்ரான்களுடன் ஃபுளூரின்-31 வரை நிற்கிறது. ஒரு புரோட்டான் ஆறு நியூட்ரான்களைக் கூடுதலாகப் பிடித்து வைக்கிறது. எட்டும் இருபதும் மாய எண்கள் ஆகையால் ஆக்சிஜன்-28 இரட்டை மாயமாக, உறுதியாக நிற்க வேண்டியது என்று ஒரு காலத்தில் எதிர்பார்த்தார்கள். 1990களில் தேடிப் பார்த்ததில் அது கிடைக்கவில்லை, 26ம் கிடைக்கவில்லை. மாறாக, 16 என்ற எண்ணே அங்கே மாய எண்ணாகிவிட்டது. ஆக்சிஜன்-24இன் அந்தத் தன்மையை 2009இல் உறுதிசெய்த ஆய்வுகளுள் ஒன்று, இந்தியாவில் பிறந்து கனடாவில் பணியாற்றும் ரிதுபர்ணா கனுங்கோவின் தலைமையில் ஜெர்மனியின் ஜிஎஸ்ஐ ஆய்வுக்கூடத்தில் நடந்தது. இரு துகள்களுக்கிடையேயான விசையை மட்டும் வைத்துப் போட்ட கணக்குகள் எல்லாம் எல்லையை 28இல் கொண்டுபோய் நிறுத்தின. நியூட்ரான்கள் கூடக்கூட மேலே உள்ள கூடும் கீழிறங்கி வந்து அவற்றுக்கு இடம் கொடுத்துவிட்டது.

2010இல் தகஹரு ஓட்சுகா, தோஷியோ சுசுகி, ஜேசன் ஹோல்ட், அகிம் ஷ்வெங்க், யோஷினோரி அகாயிஷி ஆகியோர், மூன்று துகள்கள் ஒரே சமயத்தில் பங்குகொள்ளும் விசையைச் சேர்த்தால் எல்லை 24இல் வந்து நிற்பதைக் காட்டினார்கள். இந்த விசை புதிதல்ல. ஃபுஜிதாவும் மியாசாவாவும் 1957இலேயே எழுதியது. ஒரு துகள், அணுக்கரு விசையைக் கடத்தும் பையான் ஒன்றைப் பெற்றுக் கணநேரம் டெல்டா என்னும் கிளர்ந்த நிலைக்குப் போய், மற்றொரு பையானைக் கொடுத்துத் திரும்புகிறது. இதில் மூவர் சம்பந்தப்படுகிறார்கள். ஒரு வெளி நியூட்ரான் தனித்திருக்கும்போது இந்த வழியில் அதற்குக் கொஞ்சம் கூடுதல் ஈர்ப்பு கிடைக்கிறது. இடைநிலையில் அது தங்க வேண்டிய இடத்தில் வேறொரு நியூட்ரான் ஏற்கெனவே இருந்தால், பௌலியின் தவிர்ப்பு விதி அந்த வழியை அடைத்துவிடுகிறது. கிடைத்துக்கொண்டிருந்த ஈர்ப்பு நின்றுபோவது, விளைவில், நியூட்ரான்களுக்கிடையே விலக்கலாகிறது. நியூட்ரான் எண்ணிக்கை கூடக்கூட விலக்கலும் கூடுகிறது. மேல் கூடு கீழே இறங்குவதில்லை.

விடை தெரிந்த பிறகு விளக்கம் வந்தது என்று இதைக் குறைத்து மதிப்பிடுவோர் உண்டு. அந்தக் குறையில் பாதி நியாயம் இருக்கிறது: ஆக்சிஜனின் எல்லை எங்கே என்பது பத்தாண்டுகளுக்கு முன்பே தெரிந்திருந்தது. ஆனால் அணுக்கரு விசையை முறைப்படி வருவிக்கும் கைரல் கொள்கைவழி வரும் மூன்று துகள் விசையில் தெரியாமல் நின்ற மாறிலிகள் டிரைட்டியம், ஹீலியம்-4 ஆகிய மிகச் சிறிய அணுக்கருக்களில் நிலைப்படுத்தப்பட்டவை. ஆக்சிஜனுக்காகத் திருகப்பட்டவை அல்ல. நான்கு துகள்களில் நிறுத்திய விசை இருபத்து நான்கு துகள்களில் எல்லையைச் சரியாகக் காட்டியது. பொருத்திப் பெற்ற விடையையும் கணித்துப் பெற்ற விடையையும் நான் இப்படித்தான் வேறுபடுத்துகிறேன், தேதி இரண்டாம்பட்சம்.

ஆக்சிஜன்-28 கடைசியில் 2023இல் காணக் கிடைத்தது. ஜப்பானின் ரிக்கென் ஆய்வுக்கூடத்தில், கால்சியம்-48 கற்றையை உடைத்து ஃபுளூரின்-29 எடுத்து, அதைத் திரவ ஹைட்ரஜன் இலக்கில் செலுத்தி ஒரு புரோட்டானைத் தட்டிவிட்டார்கள். எஞ்சிய ஆக்சிஜன்-28 அந்தக் கணமே ஆக்சிஜன்-24ஆகவும் நான்கு நியூட்ரான்களாகவும் பிரிந்தது. நான்கு நியூட்ரான்களையும் ஒருங்கே பிடிப்பது எவ்வளவு அரிது என்பது நியூட்ரான் உணர்கருவியோடு பழகியவர்களுக்குத் தெரியும். ஒன்றே இரண்டிடத்தில் பதிந்து இரண்டாகத் தோன்றும் தொல்லையும் உண்டு. ஐந்து துகள்களின் உந்தங்களைக் கூட்டிப் பெற்ற ஆற்றல், ஆக்சிஜன்-24ஐவிட 0.46 மெகா எலக்ட்ரான் வோல்ட் மேலே இருந்தது. இந்த எண் ஏறத்தாழ நேரடி அளவீடு என்று சொல்லலாம். ஆனால் செய்திகளில் தலைப்பாக வந்த "இது இரட்டை மாய அணுக்கரு அல்ல" என்ற முடிவு அப்படிப்பட்டதல்ல: புரோட்டானைத் தட்டிவிடும் குறுக்குப் பரப்பை மோதல் கோட்பாட்டோடும் கூடு மாதிரியோடும் ஒப்பிட்டு, ஃபுளூரின்-29இல் இருந்த நியூட்ரான் அமைப்பு ஆக்சிஜன்-28இல் எவ்வளவு மாறாமல் இருக்கிறது என்று பார்த்து எட்டியது அது.

அதே கட்டுரையில் சுவீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தினரும் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தினரும் சேர்ந்து செய்த கணக்கீடும் இடம்பெற்றது. விசையில் உள்ள மாறிலிகளுக்கு ஒரே ஒரு மதிப்பை இடாமல், நியாயமாக இருக்கக்கூடிய கோடிக்கணக்கான மதிப்புத் தொகுப்புகளைச் சலித்து, எஞ்சியவற்றைக் கொண்டு ஆக்சிஜன்-28இன் ஆற்றலை ஒரு பரவலாகத் தந்தார்கள். அளந்த மதிப்பு அந்தப் பரவலின் நடுவில் விழவில்லை, ஓரத்தில் விழுந்தது. அதை மறைக்காமல் வரைந்து காட்டியிருந்தார்கள். முன்பெல்லாம் கோட்பாட்டுக் கட்டுரைகளில் ஒரு கோடு இருக்கும், அதன்மேல் ஆய்வுப் புள்ளிகள் இருக்கும். கோட்டுக்குத் தடிமன் கிடையாது. பிசிக்கல் ரிவியூ ஏ இதழின் ஆசிரியர்கள் 2011இல் கணக்கீடுகளுக்கும் பிழை வரம்பு தர வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டு எழுத வேண்டியிருந்தது.

கோடிக்கணக்கான கணக்குகள் எப்படிச் சாத்தியமாயின என்பதையும் சொல்ல வேண்டும். ஆக்சிஜன் அளவுள்ள ஓர் அணுக்கருவுக்கு ஒரு முறை முழுக் கணக்குப் போடவே மீக்கணினியில் நேரம் வாங்க வேண்டும். டீன் லீயும் அவருடைய குழுவினரும் 2018இல் வெளியிட்ட ஒரு கருத்து இங்கே உதவியது: விசையின் மாறிலியைச் சிறிது சிறிதாக மாற்றும்போது தாழ்நிலையின் அலைச்சார்பு கோடிக்கணக்கான பரிமாணங்கள் கொண்ட வெளியில் எங்கெங்கோ அலைவதில்லை, சில பரிமாணங்களுக்குள் அடங்கிய வளைகோட்டிலேயே செல்கிறது. எனவே சில பத்து இடங்களில் மட்டும் முழுக் கணக்கைப் போட்டுவிட்டு, மற்ற இடங்களில் அந்தச் சில பத்து விடைகளின் கலவையாகத் தேடினால் போதும். இந்த முறையில் 2019இல் எக்ஸ்ட்ரோமும் ஹேகனும் ஆக்சிஜன்-16க்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளைச் சாதாரண மடிக்கணினியில் ஒரு மணி நேரத்துக்குள் போட்டார்கள். கடந்த பத்தாண்டுகளில் இத்துறையின் போக்கை மாற்றிய ஒன்றைச் சொல்லச் சொன்னால், பெரிய கணினிகளை விட்டுவிட்டு நான் இதைத்தான் சொல்வேன்.

இருந்தாலும் ஹேலோ இந்த முறைகளுக்கு எளிதில் வழிவிடுவதில்லை. முழுக் கணக்குகள் பெரும்பாலும் சீரிசை அலைவியின் சார்புகளை அடித்தளமாகக் கொள்கின்றன. அந்தச் சார்புகள் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்துத் தேய்பவை, 6.7 ஃபெர்மி நீள வாலை அவற்றைக் கொண்டு கட்ட எத்தனை சேர்த்தாலும் நுனியில் குறை விழும். கட்டுண்ட நிலைக்கு மிக அருகிலேயே கட்டற்ற நிலைகளின் தொடர்ச்சி தொடங்கிவிடுவதால், இரண்டையும் ஒரே கணக்கில் சேர்க்காமல் முடியாது. பெரிலியம்-11இல் கூட்டு வரிசை தலைகீழானதை அடிப்படை விசையிலிருந்து காட்ட முடியுமா என்று 2016இல் கால்சியும் நவ்ராத்திலும் உடனிருந்தவர்களும் முயன்றபோது, கட்டற்ற நிலைகளைச் சேர்த்த பிறகும், எடுத்துக்கொண்ட விசைகளுள் ஒன்றே ஒன்றுதான் சரியான வரிசையைத் தந்தது. தால்மியும் உன்னாவும் வரைபடத்தில் நீட்டிப் பார்த்துச் சொன்னதை அடிப்படையிலிருந்து நிறுவ அரை நூற்றாண்டுக்கும் மேல் ஆயிற்று. அதிலும் முழு நிறைவு இல்லை.

இனி எல்லையைத் தேடும் பணி கனமான தனிமங்களுக்கு நகர்கிறது. 2022இல் பணியைத் தொடங்கிய மிச்சிகனின் எஃப்ஆர்ஐபி முடுக்கியும் ரிக்கெனும் அதில் முன்னணியில் இருக்கின்றன. கால்சியத்தில் இதுவரை காணப்பட்டது 40 நியூட்ரான்களோடு கால்சியம்-60, அறிவிக்கப்பட்டது 2018இல். அதற்கு மேல் எதுவரை போகும் என்பதில் மாதிரிகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. 2019இல் ஒரு குழு பல மாதிரிகளை, தரவோடு ஒத்துப்போகும் அளவைக் கொண்டு வாய்ப்பைக் கணிக்கும் பேயஸ் முறையில் எடைபோட்டுக் கலந்து, கால்சியம்-68 இரு நியூட்ரான் உமிழ்வுக்கு எதிராகக் கட்டுண்டு நிற்கும் வாய்ப்பு 76 விழுக்காடு என்று கணித்தது. அந்தக் கட்டுரையை மதிக்கிறேன், ஆனால் அந்த 76ஐ அப்படியே எடுத்துக்கொள்ளத் தயங்குகிறேன். கலக்கப்பட்ட மாதிரிகள் ஒரே மாதிரியான தோராயங்களிலிருந்து பிறந்தவை, ஒரே நிறைத் தரவில் பழகியவை. அவை ஒத்துப்போவது தனித்தனிச் சாட்சிகள் ஒத்துப்போவதற்குச் சமமாகாது. லித்தியம்-11இன் ஆரத்தை எல்லாரும் 3.1 என்று ஒத்துக்கொண்டிருந்த பத்தாண்டுகளிலும் காரணம் அதுவே: எல்லாரும் ஒரே மோதல் தோராயத்தைத்தான் பயன்படுத்தினார்கள். மாதிரிகளுக்கிடையே உள்ள இந்த உறவை அளந்து வாய்ப்புக் கணக்கில் சேர்க்கும் முயற்சிகள் தொடங்கியிருக்கின்றன. கால்சியம்-68க்கு அவை எந்த எண்ணைத் தரும் என்பதை, அந்த அணுக்கரு உண்டாக்கப்படுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும் என்பது என் ஆசை.